ஒரு சிகரமும் இரு நூல்களும்

இமயத்திலோ ஆல்ப்ஸ் மலைகளிலோ ஏறச் சென்றவர்கள் பனியில் புதையுண்டு மாண்டனர் என்னும் செய்தி ஆண்டுதோறும் நாளேடுகளில் வருகின்றது. படித்தவர்களுள் சிலர் நம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்பதுண்டு. இறைவன் தந்த உயிரை இவ்வாறு பணயம் வைக்கலாமா? பிழைப்புக்காகவும் அன்று, பிறரைக் காப்பதற்காகவும் அன்று. எவரும் வாழாத ஒரு பனிமேட்டில் சில நிமிடங்கள் நின்றுவிட்டு இறங்குவதற்காக உயிரை இழப்பது தற்கொலைக்கு ஒப்பாகாதா?

நேர்மையான கேள்விதான். எவரெஸ்டில் ஏற விரும்புவது ஏன் என்று 1923ஆம் ஆண்டில் செய்தியாளர் வினவியபோது, அது அங்கே இருப்பதால்தான் என்று ஜார்ஜ் மாலரி சொன்னதாக வழங்கும் விடை உலகப் புகழ் பெற்றது. ஆயினும் அதனை விடை என்று நாம் கொள்வதற்கில்லை. கேள்வியை நயமாகத் தட்டிக்கழித்த சொல் அது. மறு ஆண்டே மாலரி எவரெஸ்டில் மறைந்தார். 75 ஆண்டுகள் கழித்து, 1999இல், அவருடைய உடல் மலைச்சரிவில் கண்டெடுக்கப்பட்டது. ஏன் என்ற வினா மட்டும் இன்னும் அடங்கவில்லை.

அதற்கு விடை தேடுவோர் படித்துப் பார்க்க வேண்டிய இரண்டு நூல்கள் பிரெஞ்சு மொழியில் உள்ளன. இரண்டும் ஒரே சிகரத்தைப் பற்றியவை. ஒரே நாளில் அருகருகே நின்ற இருவர் எழுதியவை. ஒன்று மோரீஸ் எர்சோக் எழுதி 1951இல் வெளிவந்த ‘அன்னபூர்ணா’. மற்றொன்று லூயி லாஷ்னாலின் நாட்குறிப்புகளும் நினைவுகளும் அடங்கிய நூல். அது 1956இல் திருத்தப்பட்ட வடிவிலும், 1996இல் முழு வடிவிலும் வெளிவந்தது. முதல் நூலை உலகமே படித்தது. இரண்டாவது நூல் முழுமையாக வெளிவரும்முன் அதை எழுதியவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இரண்டையும் ஒருசேர வைத்துப் படிக்கும்போது, உயிரைப் பணயம் வைப்பதற்குரிய காரணம் ஒன்றல்ல என்பது புலப்படும். வீரக்கதைகள் எந்தக் காரணத்தை முன்வைக்கின்றன, எதை மறைக்கின்றன என்பதும் தெளிவாகும்.

மலையைத் தேடிய பயணம்

கடல்மட்டத்திற்கு மேல் 8000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் உலகில் பதினான்கு. 1895இல் நங்க பர்வதத்தில் ஏற முயன்று மாண்ட மம்மரி காலந்தொட்டு, ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் பிறரும் பலமுறை முயன்றும் 1950 வரை அவற்றுள் ஒன்றின் உச்சியையும் மனிதர் எட்டவில்லை. அவ்வாண்டில் நேபாளத்தின் அனுமதியைப் பெற்று பிரான்சு நாட்டிலிருந்து ஒரு குழு புறப்பட்டது. உலகப்போர் முடிந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. பகைவரின் ஆட்சிக்கு உட்பட்டுத் தலைகுனிந்திருந்த நாட்டுக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது. அந்தத் தேவை இப்பயணத்தின் தொடக்கத்திலேயே கலந்திருந்தது என்பதை வாசகர் மறக்கலாகாது.

குழுவின் தலைவர் எர்சோக். லாஷ்னால், லியோனல் தெரே, காஸ்தோன் ரெபுஃபா ஆகிய மூவரும் ஷாமோனி பகுதியில் மலைவழிகாட்டுதலைத் தொழிலாகக் கொண்டவர்கள். ழான் கூசி, மார்செல் ஷாட்ஸ், மருத்துவர் ழாக் ஊதோ, படப்பதிவாளர் மார்செல் இஷாக் முதலியோரும் உடன் சென்றனர். ஷெர்பாக்களின் தலைவர் ஆங் தார்கே.

முதலில் அவர்கள் நாடியது 8167 மீட்டர் உயரமுள்ள தவளகிரியை. அதில் வழி இல்லை என்று கண்டபின் 8091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவை நாடினர். ஆனால் கையிலிருந்த வரைபடங்கள் பிழையானவை. அன்னபூர்ணாவுக்குச் செல்லும் வழி எது என்றே தெரியவில்லை. மலையில் ஏறுவதற்குமுன் மலையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது! பள்ளத்தாக்குகளிலும் முகடுகளிலும் வாரக்கணக்கில் அலைந்தபின், மே மாதத்தின் இடையில்தான் வடபுறத்துப் பாதை தெளிவாயிற்று. பருவமழை ஜூன் முதல் வாரத்தில் வந்துவிடும். எனவே விரைந்து ஏறினர். 1950 ஜூன் 3ஆம் நாள் பிற்பகலில், பிராணவாயு உருளைகளின் துணையின்றி, எர்சோக்கும் லாஷ்னாலும் உச்சியை அடைந்தனர்.

இறங்கும் வழியில்தான் உண்மையான துன்பம் தொடங்கியது. எர்சோக் தம் கையுறைகளைக் கழற்றி வைக்க, அவை சரிவில் உருண்டு மறைந்தன. லாஷ்னாலின் பாதங்கள் உறைந்துபோயின. மறுநாள் புயலில் வழிதவறி, நால்வராக ஒரு பனிப்பிளவுக்குள் இரவைக் கழித்தனர். விடியலில் சரிந்து விழுந்த பனி அவர்களுடைய காலணிகளை மூடிவிட்டது. அவற்றைக் கைகளால் தோண்டித் தேடினர். தெரேயும் ரெபுஃபாவும் பனிஒளியால் பார்வை இழந்திருந்தனர். பின்னர் மழையிலும் சேற்றிலும் ஷெர்பாக்களும் கூலியாட்களும் எர்சோக்கையும் லாஷ்னாலையும் முதுகில் சுமந்து வந்தனர். அழுகிய விரல்களை மருத்துவர் ஊதோ வழிநெடுகிலும், இந்திய இரயில் பெட்டியினுள்ளும்கூட, வெட்டியெடுத்தார். எர்சோக் கைவிரல்களையும் கால்விரல்களையும் இழந்தார். லாஷ்னால் தம் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தார்.

எழுதுகோல் பிடிக்கவியலாத எர்சோக், பாரிசுக்கு அருகில் ஒரு மருத்துவமனையில் படுத்தபடியே சொல்லச் சொல்ல எழுதப்பட்டது ‘அன்னபூர்ணா’. அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றதாகக் கூறுவர். மலையேற்ற நூல்களில் இதற்கு இணையாகப் பரவியது வேறொன்றில்லை எனலாம்.

எர்சோக்கின் ஏணி

நூலின் சிறப்புகளை முதலில் சொல்லிவிடுவது நீதி. மலையைத் தேடி அலையும் பகுதி துப்பறியும் கதைபோல் விரைகின்றது. இறக்கத்தின் துன்பங்களைச் சொல்லும் பகுதியில் தன்னிரக்கம் இல்லை. தம்மைச் சுமந்தவர்களுக்கும் மருத்துவருக்கும் ஆசிரியர் மனமார நன்றி கூறுகின்றார். விரல்களை இழந்த ஒருவர் கசப்பின்றி எழுதுவது எளிதன்று.

ஆயினும் நூலின் உயிர்நிலை உச்சியை நெருங்கும் பக்கங்களில் உள்ளது. அங்கே எர்சோக்கின் நடை மாறிவிடுகின்றது. உடல் தன்னுடையதன்று என்பதுபோன்ற உணர்வு, உலகிலிருந்து பிரிந்து வேறோர் உலகில் நடப்பதுபோன்ற மகிழ்ச்சி, எல்லை ஒன்றைக் கடக்கும் மெய்சிலிர்ப்பு ஆகியவற்றை அவர் விவரிக்கின்றார். அந்த வேளையில் தம் நினைவுக்கு வந்ததாக அவர் குறிப்பிடுவது அவிலாவின் புனித தெரேசாவின் புகழ்பெற்ற ஏணி!

கத்தோலிக்க வாசகர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏணி என்னும் உருவகம் தெரேசாவுக்கு உரியதன்று. முப்பது படிகள் கொண்ட விண்ணக ஏணியைப் பற்றி எழுதியவர் சீனாய் மலைத் துறவியாகிய யோவான் கிளிமாக்கு. கார்மேல் மலையேற்றத்தை உருவகமாக்கியவர் தெரேசாவின் தோழராகிய சிலுவை யோவான். தெரேசா தமது தலைசிறந்த நூலில், 1577இல், கையாண்டது கோட்டை என்னும் உருவகம். ஏழு உறைவிடங்கள் கொண்ட அக்கோட்டையில் ஆன்மா மேலே ஏறுவதில்லை, உள்ளே செல்கின்றது. பிராணவாயு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த காற்றில் நின்ற மனிதர் புனிதர்களின் உருவகங்களைக் குழப்பிக்கொண்டதற்காக நாம் குறைகூறவில்லை. ஆனால் இக்குழப்பத்தில் ஒரு பொருள் உண்டு. மேலே ஏறுவதும் உள்ளே செல்வதும் ஒன்றே என்று எர்சோக் கருதுகின்றார். உயரம் மிகுந்தால் தூய்மை மிகும் என்பது அவர் நூலின் அடிப்படை. நூல் முடியும்போது அன்னபூர்ணாவை ஒவ்வொரு மனிதரின் வாழ்விலும் உள்ள இலட்சியத்தின் அடையாளமாக அவர் ஆக்கிவிடுவதும் இதனால்தான்.

தெரேசாவைத் துணைக்கு அழைத்தவரைத் தெரேசாவின் உரைகல்லிலேயே உரைத்துப் பார்ப்போம். பரவச நிலைகளை அப்புனிதரைப்போல் அறிந்தவர் சிலர்; அவற்றை அவரைப்போல் ஐயுற்றவர் அதனினும் சிலர். இறையன்பு மெய்யா என்று அறிய ஐந்தாம் உறைவிடத்தில் அவர் தரும் சோதனை மிக எளியது. உன் அருகில் உள்ளவரிடம் நீ காட்டும் அன்பைப் பார் என்பதே அது. நோயுற்ற சகோதரி ஒருத்தி இருந்தால், செபத்தின் இனிமையை விட்டுவிட்டு அவளுக்குப் பணிசெய் என்று தம் கன்னியர்க்கு அவர் அறிவுறுத்துகின்றார். இச்சோதனையை அன்னபூர்ணாவின் உச்சியில் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகின்றது? எர்சோக் மகிழ்ச்சியில் திளைக்கின்றார். கொடி விரித்துப் படம் எடுத்துக்கொள்கின்றார். அருகில் லாஷ்னால் உறைந்துகொண்டிருக்கும் பாதங்களோடு நின்று, இறங்குவோம் என்று நெருக்குகின்றார். எர்சோக்கின் நூலே இதைச் சொல்கின்றது. ஆனால் அவருடைய நூலில் லாஷ்னாலின் அவசரம் பரவசத்திற்கு ஓர் இடையூறாகவே தோன்றுகின்றது. தெரேசாவின் கண்ணுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

மறைந்திருந்த பக்கங்கள்

உச்சிக்குச் செல்லும் வழியில் இருவருக்கும் இடையே ஓர் உரையாடல் நிகழ்ந்தது. பாதங்களில் உணர்வு குன்றுவதை உணர்ந்த லாஷ்னால், தாம் திரும்பினால் எர்சோக் என்ன செய்வார் என்று கேட்டார். தனியே மேலே செல்வேன் என்றார் எர்சோக். அப்படியானால் நானும் வருகின்றேன் என்றார் லாஷ்னால். அவ்வளவுதான்.

எர்சோக்கின் நூலில் இவ்வுரையாடல் ஐயத்தை வென்ற மனவுறுதியின் வெற்றியாகின்றது. இனித் தடையில்லை, இருவரும் சகோதரராக முன்னேறுகின்றோம் என்று அவர் உள்ளம் பூரிக்கின்றது.

லாஷ்னால் சொல்வது வேறு. தாம் தனியே இருந்திருந்தால் திரும்பியிருப்பேன் என்கின்றார். அவருக்கு இந்த ஏற்றமும் மற்ற ஏற்றங்களைப் போன்றதே. இதற்காகப் பாதங்களை இழக்க வேண்டிய கடமை நாட்டுக்கோ இளைஞருக்கோ தாம் பட்டதில்லை. ஆனால் எர்சோக் தனியே சென்றால் திரும்பமாட்டார் என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே உடன் சென்றார். அது நாட்டுப் பெருமையைப் பற்றிய முடிவன்று. ஒரே கயிற்றில் பிணைந்தவர்களுக்கிடையே உள்ள கடமையைப் பற்றிய முடிவு. மலைவழிகாட்டி தன்னுடன் வந்தவனை விட்டுவிட்டுத் திரும்புவதில்லை.

இதை எழுதியவர் கோழையல்லர். ஐகர் மலையின் வடமுகத்தை 1947இல் தெரேயுடன் ஏறியவர்; அம்முகத்தை ஏறிய இரண்டாம் அணி அவர்களுடையது. அவருக்குப் பாதங்கள் வெறும் உறுப்புகள் அல்ல. குடும்பத்தைக் காக்கும் தொழிற்கருவிகள். எதை இழக்கப்போகின்றோம் என்று நன்கு தெரிந்தே அவர் அடியெடுத்து வைத்தார்.

இப்பக்கங்களை வாசகர் நெடுங்காலம் படிக்கவில்லை. குழுவினர் பயணத்தைப்பற்றி ஐந்து ஆண்டுகள் எதையும் வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருந்தனர். அக்காலம் முடிந்த 1955இல் லாஷ்னால் தம் நூலை எழுதிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள், வெண்பள்ளத்தாக்கு என்னும் பனியாற்றில் சறுக்கிச் செல்கையில் பிளவொன்றில் விழுந்து இறந்தார். அவருடைய தாள்களைத் தொகுத்து 1956இல் வெளியிட்டவர் எர்சோக்கின் சகோதரர் ஜெரார். அதில் குழுத்தலைவரைக் குறைகூறும் நாட்குறிப்புப் பகுதிகள் நீக்கப்பட்டன. நாம் மேலே சுருக்கித் தந்த விளக்கம் இடம்பெறவே இல்லை. குடும்பத்தார் காத்து வைத்திருந்த கையெழுத்துப் படியை ஷாமோனியில் மிஷேல் கெரேன் 1996இல் முழுமையாக அச்சிட்டபோது பிரான்சில் பெரும் வாக்குவாதம் எழுந்தது.

இதில் நம்மை வியக்க வைப்பது ஒன்றுண்டு. நீக்கப்பட்ட பக்கங்கள் பழிக்குரிய செயலைச் சொல்பவை அல்ல. இப்பயணத்தில் நிகழ்ந்த மிக உயர்ந்த செயலுக்குரிய காரணத்தைச் சொல்பவை அவை. நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதைப்பற்றி நம் ஆண்டவர் இறுதி இரவில் பேசியதை நாம் அறிவோம். அதனோடு ஒட்டி நிற்கும் செயல் லாஷ்னாலுடையது. நாட்டின் வெற்றிக்கதைக்கு அது உகந்ததாக இல்லை. வெற்றி வேண்டாம் என்று நினைத்த ஒருவர் அன்புக்காகவே உச்சியை அடைந்தார் என்றால் கொடியின் பொலிவு குன்றிவிடும். ஆகவே அது நீக்கப்பட்டது. பெருமை தன் குற்றங்களை மறைப்பது இயல்பு. இங்கே அது அன்பையும் மறைத்துவிட்டது.

லாஷ்னாலின் விளக்கமும் நிகழ்ந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், விரல்களை இழந்த வலியோடு எழுதப்பட்டதுதானே என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயமே. நினைவு எவருக்கும் முழுச்சான்று ஆகாது. ஆனால் இருவர் சொல்லும் உரையாடல் ஒன்றே, வேறுபடுவது உட்பொருள். தாம் ஏன் சென்றோம் என்பதற்கு அவரவரே சான்று. லாஷ்னாலின் உள்நோக்கத்தை லாஷ்னால் சொல்லக் கேட்பதே முறை.

கீழ்ப்படிதல் என்னும் சொல்

புறப்படுமுன் குழுவினர் தலைவருக்கு எல்லா நிலைகளிலும் கீழ்ப்படிவதாக வாக்குறுதி அளித்தனர். எர்சோக் தம் நூலில் அந்நிகழ்ச்சியை நெகிழ்ச்சியோடு சொல்கின்றார். துறவற வாழ்வின் வார்த்தைப்பாட்டை நினைவூட்டும் காட்சி அது. அவ்வாறு தோன்ற வேண்டும் என்றே எழுதப்பட்டிருக்கின்றது.

கீழ்ப்படிதலைப்பற்றித் திருச்சபைக்கு நீண்ட அனுபவம் உண்டு. கீழ்ப்படிபவனுக்கு உள்ள கடமையைவிடப் பணிக்கப்படுபவர்களைப்பற்றி மேலாளருக்கு உள்ள கணக்கு கடுமையானது என்பதே துறவற முறைமைகள் அனைத்தும் சொல்லும் பாடம். அவ்வாறு பார்க்கையில், தனியே செல்வேன் என்ற எர்சோக்கின் விடை நம்மை உறுத்துகின்றது. கீழ்ப்படிவதாக வாக்களித்த தோழனிடம் தலைவன் அப்படிச் சொல்வது விருப்பத் தெரிவு ஆகாது, கட்டளையே ஆகின்றது. அதிலும் வன்மையான கட்டளை. ஏனெனில் அது தோழனின் அச்சத்தோடு அன்றி, அவன் அன்போடு பேசுகின்றது. என்னைச் சாகவிட்டு நீ திரும்புவாயா என்பதுதான் அவ்விடையின் உட்பொருள். எர்சோக் அதை அறிந்து சொன்னார் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. அந்த உயரத்தில் அறிவு மங்கும். ஆனால் மருத்துவமனைப் படுக்கையில் அமைதியாகச் சொல்லி எழுதிய காலத்திலும் அவர் அதைக் காணவில்லை. திறனாய்வாளன் சுட்ட வேண்டிய குறை இதுவே.

ஏறாதவர்கள்

எர்சோக்கும் லாஷ்னாலும் உச்சியிலிருந்து தள்ளாடி ஐந்தாம் முகாமை அடைந்தபோது அங்கே தெரேயும் ரெபுஃபாவும் இருந்தனர். மறுநாள் தாங்கள் உச்சிக்குச் செல்லவே அவர்கள் வந்திருந்தனர். தோழரின் நிலையைக் கண்டதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டனர். இரவு முழுதும் உறைந்த கைகால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தனர். வீங்கிய பாதங்களுக்கு லாஷ்னாலின் காலணி பொருந்தாதபோது, தெரே தம் பெரிய காலணிகளை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய சிறிய காலணிகளைத் தாம் அணிந்துகொண்டார். அந்த உயரத்தில் காலணியைக் கொடுப்பது தன் பாதங்களையே கொடுப்பதற்குச் சமம்.

ஆங் தார்கேயையும் நினைக்க வேண்டும். முந்தின நாள் எர்சோக் அவரையும் உச்சிக்கு அழைத்தார். அது பெருந்தன்மையான அழைப்பு; ஷெர்பாக்களை அவ்வாறு அழைப்பது அக்காலத்தில் அரிது. ஆங் தார்கே நன்றி கூறி மறுத்தார். தம் பாதங்கள் உறையத் தொடங்கியுள்ளன, கீழே போவதே நல்லது என்றார். அவருக்கு மலையேற்றம் கூலிக்குச் செய்யும் உழைப்பு. வீட்டுக்குத் திரும்புவதும் அவ்வுழைப்பின் பகுதியே. 1954இல் பிரெஞ்சில் அவருடைய நினைவுகளும் நூலாக வந்தன.

அன்று மறுத்தவர் தம் பாதங்களோடு இறங்கினார். அவரும் அவருடைய தோழர்களும் பின்னர்ப் பாதம் இழந்தவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தனர். உச்சியைத் தொட்டவர்கள் இருவர். அவ்விருவர் உயிரோடு திரும்பக் காரணமாயிருந்தவர்கள் பலர். தம் மகிழ்ச்சிக்காகத் தம் உயிரைப் பணயம் வைப்பதாக மலையேறி எண்ணுகின்றார். உண்மையில் அவர் உயிர் மட்டும் பணயமாவதில்லை.

திருச்சபை மலையை வெறுத்ததா?

இவ்வளவும் சொன்னபின், மலையேற்றமே பாவம் என்று முடிவுகட்டிவிடலாகாது. திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் குருவாக இருந்த காலத்தில் தேர்ந்த மலையேறி. அக்கிலே ராத்தி என்னும் தம் இயற்பெயரோடு 1889 ஜூலையில், மோந்தே ரோசா மலையின் கிழக்கு முகத்தில் ஏறினார். 1881இல் மரினெல்லியும் அவருடைய வழிகாட்டிகளும் பனிச்சரிவில் மாண்ட முகம் அது. உச்சியை அடைந்தபின் 4600 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை விளிம்பில் இரவைக் கழித்தார். அப்பயணத்தைப்பற்றி அவர் எழுதிய கட்டுரையில், மலையேற்றம் முன்யோசனையையும் ஓரளவு துணிவையும் வேண்டுவதேயன்றி உயிரை எறியும் விளையாட்டன்று என்று வாதிடுகின்றார். திருத்தந்தையான பின் 1923இல், மேந்தோன் புனித பெர்நார்தை மலையேறிகளின் பாதுகாவலராக அறிவித்தார். ஆல்ப்ஸ் மலைகளில் ஏறுவதைப் பெரிதும் விரும்பிய இளைஞர் பியர் ஜார்ஜோ ஃபிரசாத்தி 2025இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் உயிர் துறந்தது மலையிலன்று. 1925இல், 24ஆம் வயதில், இளம்பிள்ளை வாதத்தால். அவரை நாம் போற்றுவது உயரங்களுக்காக மட்டுமன்று. தூரின் நகரத்து ஏழைகளின் இல்லங்களுக்காகவும்.

வீரத்தைப்பற்றி ஆய்ந்த புனித தோமா அக்குவினாஸ், அச்சத்திற்கும் அளவிலாத் துணிவுக்கும் நடுவில் அதை வைத்தார். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதும் குறையே என்றார். தாக்குவதைவிடத் தாங்குவதே வீரத்தின் தலையாய செயல் என்றும் கற்பித்தார். இவ்வளவுகோலால் பார்த்தால், அன்னபூர்ணாவில் வீரம் உச்சியில் அன்று, பனிப்பிளவில் கழிந்த இரவிலும் சேற்றுப்பாதையிலுமே மிகுதியாக விளங்குகின்றது.

கோவிலின் உச்சியில் நின்ற இயேசு கீழே குதிக்க மறுத்தார். அதே இயேசு சாவு காத்திருப்பதை அறிந்தும் எருசலேமுக்கு ஏறிச் சென்றார். இரண்டிலும் உயிராபத்து உண்டு. முன்னது இறைவனைச் சோதித்துத் தன்னை மெய்ப்பிக்கும் செயலாகியிருக்கும். பின்னது பிறருக்காகத் தன்னைக் கையளிக்கும் செயல். ஆபத்தின் அளவைக்கொண்டு ஒரு செயலை வீரம் என்றோ மடமை என்றோ கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பயனின்மையைப்பற்றியும் ஒரு சொல். தெரே 1961இல் தம் நினைவுகளை நூலாக்கியபோது, பயனற்றதை வென்றவர்கள் என்று பொருள்படும் தலைப்பைச் சூட்டினார். கசப்பற்ற, புன்னகை கலந்த தலைப்பு. பயனற்றது எல்லாம் பொருளற்றது ஆகாது. வழிபாடும் விளையாட்டைப்போல் பயன்நோக்காதது, ஆனால் பொருள் நிறைந்தது என்று ரொமானோ குவார்தினி 1918இல் எழுதினார். படைப்பின் பேரழகின்முன் நிற்க வேண்டும் என்னும் வேட்கையை இறைவனே மனிதனுக்குள் வைத்திருக்கலாம். அந்த வேட்கையை நாம் பழிக்கவில்லை. அதற்குப் புனிதத்தின் ஆடையை உடுத்தி, அருகில் நடுங்குபவனை மறக்கும் எழுத்தைத்தான் மறுக்கின்றோம்.

வாசகர்க்கு

ஆகவே, தொடக்கத்தில் கூறிய கேள்விக்கு நாம் தரும் விடை இதுதான். மலையில் மாண்டவர்களைத் தற்கொலையாளர் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் சாக விரும்பிச் செல்வதில்லை. வீரர் என்றும் விரைந்து சொல்லிவிடாதீர்கள். ஒரே மலையில், ஒரே நாளில், ஒரே பாதையில் ஏறிய இருவர் வெவ்வேறு காரணங்களுக்காக ஏறினர். ஒருவரை ஒளி இழுத்தது. மற்றவரைத் தோழனின் தனிமை இழுத்தது. இருவரையும் ஒரே சொல்லால் அழைத்தது உலகத்தின் அவசரம்.

எர்சோக் பின்னர் அமைச்சரானார், ஷாமோனி நகரத் தலைவரானார், 2012இல் 93ஆம் வயதில் இறந்தார். லாஷ்னால் வெட்டுண்ட பாதங்களோடு மீண்டும் மலைக்குச் சென்று 34ஆம் வயதில் மறைந்தார். அவரும் மலையை விடவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. அன்னபூர்ணாவுக்காகப் பாதங்களை இழக்கவேண்டியதில்லை என்று எழுதியவரையும் மலை விட்டுவைக்கவில்லை. அங்கே ஏதோ ஒன்று இருக்கின்றது. அதை முழுவதும் சொல்லிவிட நம்மால் இயலாது.

‘அன்னபூர்ணா’ இன்றும் படிக்கத் தகுந்த நூல். அதை இளைஞர் கையில் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் லாஷ்னாலின் பக்கங்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மறையுரைகளிலும் இளைஞர் கூட்டங்களிலும், சிகரங்களை எட்டுங்கள் என்று அறிவுரை கூறுவது நமக்கெல்லாம் எளிதாகி விட்டது. தேர்விலும் தொழிலிலும் பதவியிலும் ஒவ்வொருவரும் ஓர் உச்சியை நோக்கி ஓடும் காலத்தில், உச்சியைப்பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. உடன் வருபவனின் பாதங்கள் உறைகின்றனவா என்று திரும்பிப் பார்க்கச் சொல்வோர் சிலரே. அதைச் சொல்வதற்காகவேனும் அந்த மறைக்கப்பட்ட பக்கங்கள் வெளிவந்தது நன்று.